13 ஆட்டம், 13 வெற்றி, பிளேஆஃப் மட்டும் இல்லை: 2023 அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு நடந்தது நியாயமா?

ஈட்டிமுனை:
"ஆரஞ்ச் பவுலில் 63-3 என்று தோற்றார்களே, அதோடு ஃப்ளோரிடா ஸ்டேட்டின் சாயம் வெளுத்துவிட்டது" என்று யாராவது எழுதாத வாரமே இல்லை. சீசன் முடிவில் ஆடும் அந்தப் பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் வாங்கிய ஒரே ஒரு ஸ்கோரை வைத்து ஒரு முழு சீசனையும் முடித்துவிடுகிறார்கள். அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள்.

செப்டம்பர் 3, ஆர்லாண்டோ: லூயிசியானா ஸ்டேட்டை (எல்.எஸ்.யு.) 45-24 என்று ஜெயித்தோம். அந்த எல்.எஸ்.யு.வின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜேடன் டேனியல்ஸ்தான் அந்த வருடம் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். செப்டம்பர் 23, கிளெம்சன் மைதானத்திலேயே போய் கூடுதல் நேரத்தில் 31-24. இப்படியே நவம்பர் 18 வரை போனது. அன்று நார்த் அலபாமாவுடன் ஆடும்போது எங்கள் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் காலில் பலத்த காயம், அத்தோடு அவர் சீசன் முடிந்தது. அணியின் தாக்குதலே அவரைச் சுற்றித்தான். அடுத்த வாரம் கெய்ன்ஸ்வில்லில் மாற்று குவார்ட்டர்பேக் டேட் ரோடமேக்கரை வைத்து ஃப்ளோரிடாவை 24-15 என்று ஜெயித்தார்கள். அவருக்கும் தலையில் அடி. எங்கள் கான்ஃபரன்ஸான (கல்லூரி அணிகளின் கூட்டணி) ஏ.சி.சி.யின் இறுதிப் போட்டியில் மூன்றாவது ஆளாக பிராக் கிளென் என்ற முதலாண்டு மாணவர் இறங்கினார். லூயிவில்லை 16-6.

மறுநாள், டிசம்பர் 3, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபுக்குத் தேர்வுக்குழு அறிவித்த நான்கு அணிகள்: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. நாங்கள் ஐந்தாவது. டெக்சஸும் அலபாமாவும் ஆளுக்கு ஓர் ஆட்டம் தோற்றவர்கள். நான்கு அணி பிளேஆஃப் இருந்த பத்து சீசனில், பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ் ஒன்றில் தோல்வியே இல்லாமல் சாம்பியனாகி வெளியே நிறுத்தப்பட்ட ஒரே அணி இதுதான்.

ஜெயிப்பது கணக்கில் வராது என்றால் எதற்கு ஆட வேண்டும்?

எண்கணக்கன்:
வரிசை சரிதான். ஒரு வரியை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். லூயிவில்லுடன் கிளென் எறிந்தது 21, சக ஆட்டக்காரர் கையில் சேர்ந்தது 8, மொத்தம் 55 யார்டு. முழு ஆட்டத்துக்கும் 55.

தேர்வுக்குழுவின் வேலை நாட்டிலேயே சிறந்த நான்கு அணிகளைத் தேர்ந்தெடுப்பது. முக்கிய ஆட்டக்காரரோ பயிற்சியாளரோ இல்லாமல் போவது பிளேஆஃபில் அணியைப் பாதிக்குமா என்பதைப் பார்க்கலாம் என்று அவர்களுடைய விதிமுறையிலேயே இருக்கிறது. ஃப்ளோரிடா ஸ்டேட்டைக் கழற்றிவிட ராத்திரியோடு ராத்திரியாக எழுதிச் சேர்த்த விதி அல்ல. டிராவிஸோடு ஆடிய அணி வேறு, டிசம்பரில் இருந்த அணி வேறு. குழு இரண்டாவது அணியைத்தான் மதிப்பிட்டது.

ஓரமாக நிற்பவன்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு கிரிக்கெட்தான் தெரியும். புள்ளிப்பட்டியலில் முதல் நான்கு இடம் யாருக்கோ அவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. இதற்கு எதற்குங்க ஒரு குழு?

பழைய ரசிகர்:
தம்பி, நல்ல கேள்வி. 2023இல் மேல் பிரிவில் மட்டும் 133 அணிகள். ஒவ்வொன்றும் வழக்கமான சீசனில் ஆடுவது 12 ஆட்டம். பெரும்பாலும் தன் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே. மிச்சிகனும் வாஷிங்டனும் அந்த சீசனில் முதன்முதலாகச் சந்தித்ததே இறுதிப் போட்டியில்தான். அப்புறம் எங்கே பொதுவான பட்டியல்?

முன்பெல்லாம் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்குப் போட்டுச் சாம்பியனைச் சொன்னார்கள். 1998 முதல் வாக்கையும் கம்ப்யூட்டர் கணக்கையும் கலந்து முதல் இரண்டு அணிகளை மோதவிட்டார்கள். 2004இல் ஆபர்ன் ஒன்றுகூடத் தோற்காமல் வெளியே நின்றது. 2014இல் நான்கு அணி பிளேஆஃப் வந்தது. அதற்கு 13 பேர் கொண்ட குழு. அறைக்குள் உட்கார்ந்து பேசி வாக்களிப்பார்கள். 2023இல் தலைவர் பூ கோரிகன், அவர் நார்த் கரோலினா ஸ்டேட்டின் விளையாட்டு இயக்குநர். அதுவும் ஏ.சி.சி. பள்ளிதான் என்பதைச் சதிக் கோட்பாட்டுக்காரர்கள் கவனிக்கவும்.

ஈட்டிமுனை:
எண்கணக்கன், 2014ஐ மறந்துவிட்டீர்களா? ஓஹாயோ ஸ்டேட்டும் மூன்றாவது குவார்ட்டர்பேக்கோடுதான் உள்ளே போனது. பிராக்ஸ்டன் மில்லர் சீசன் தொடங்கும் முன்பே காயம். ஜே.டி. பாரெட் மிச்சிகனுடன் ஆடும்போது காயம். கார்டேல் ஜோன்ஸ் இறங்கினார். போதாததற்கு, அவர்கள் வர்ஜீனியா டெக்கிடம் ஓர் ஆட்டம் தோற்றும் இருந்தார்கள். குழு அவர்களை எடுத்தது. அலபாமாவை 42-35, ஆரிகனை 42-20 என்று ஜெயித்துக் கோப்பையையே தூக்கினார்கள். மூன்றாவது ஆள் வந்தால் அணி முடிந்தது என்று எப்படி முன்கூட்டியே சொல்கிறீர்கள்?

எண்கணக்கன்:
ஜோன்ஸ் இறங்கிய முதல் ஆட்டத்தில் விஸ்கான்சினை 59-0 என்று அடித்தார்கள். குழுவுக்குக் கண்ணெதிரே சான்று இருந்தது. 2023இல் குழுவின் கண்ணெதிரே இருந்தது 16-6. நீங்கள் கொண்டுவந்த உதாரணமே என் பக்கம்தான் பேசுகிறது.

ஈட்டிமுனை:
16-6இல் அந்த 6ஐயும் பாருங்கள். தரவரிசையில் இருந்த லூயிவில் 200 யார்டுகூட எட்டவில்லை. தாக்குதல் நொண்டியபோது டிஃபென்ஸ் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியது. லாரன்ஸ் டோஃபிலி 118 யார்டு ஓடினார். இதெல்லாம் ஃபுட்பால் இல்லையா? 55 யார்டு எறிந்தும் ஒரு சாம்பியன்ஷிப்பை ஜெயிக்க முடிகிறது என்றால் மீதி அணி எவ்வளவு நல்ல அணி என்று யோசியுங்கள்.

இன்னொன்று. நவம்பர் 28 தரவரிசையில் ஃப்ளோரிடா ஸ்டேட் நான்காவது. டிராவிஸின் கால் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது, அந்தச் செய்தி குழுவுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தும் நான்கு. அதற்குப் பிறகு நாங்கள் செய்தது ஓர் ஆட்டம் ஜெயித்ததுதான். ஜெயித்ததற்குத் தண்டனையாக ஓர் இடம் கீழே.

கிரிம்சன்காரன்:
அண்ணே, நீங்கள் கீழே போகவில்லை, நாங்கள் மேலே வந்தோம். டிசம்பர் 2 அன்று அலபாமா யாரை ஜெயித்தது? முதலிடத்தில் இருந்த ஜார்ஜியாவை, 27-24. அவர்கள் தொடர்ச்சியாக 29 ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்தவர்கள், இரண்டு வருடச் சாம்பியன்கள். அந்த வாரம் நாட்டில் யாரும் அப்படி ஒரு வெற்றி பெறவில்லை. அதற்கு மதிப்புக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

ஈட்டிமுனை:
மதிப்புக் கொடுங்கள் தம்பி. ஆனால் அதற்கு முந்தைய வாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபர்னிடம் கடைசி வாய்ப்பான நான்காவது டவுனில் 31 யார்டு தேவை என்ற நிலையில் உங்கள் குவார்ட்டர்பேக் மில்ரோ எறிந்ததை ஐசயா பாண்ட் மூலையில் பிடித்தாரே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. அதே ஆபர்ன் அதற்கு ஒரு வாரம் முன்பு சொந்த மைதானத்தில் நியூ மெக்சிகோ ஸ்டேட்டிடம் 31-10 என்று உதை வாங்கியிருந்தது. உங்கள் தடுமாற்றத்துக்குப் பெயர் மனவுறுதி. எங்கள் தடுமாற்றத்துக்குப் பெயர் பலவீனம்.

கிரிம்சன்காரன்:
நீங்கள் ஜெயித்த ஃப்ளோரிடா அந்த வருடம் 5-7 அண்ணே. பாஸ்டன் காலேஜை இரண்டே புள்ளியில்தான் தாண்டினீர்கள், அதுவும் டிராவிஸ் ஆடும்போதே. இதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ஓரமாக நிற்பவன்:
சரி, ஃப்ளோரிடா ஸ்டேட்டை உள்ளே எடுத்திருந்தால் யாரை வெளியே அனுப்பியிருப்பீர்கள்? அதைச் சொன்னால் எனக்குப் புரியும்.

ஈட்டிமுனை:
அலபாமா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? செப்டம்பர் 9 அன்று டஸ்கலூசாவிலேயே வைத்து டெக்சஸ் அவர்களை 34-24 என்று ஜெயித்தது. இருவருக்கும் ஒரே ஒரு தோல்வி. அப்படியென்றால் டெக்சஸ் முன்னால், அலபாமா பின்னால். தோல்வியே இல்லாத மூன்று பேர், அப்புறம் டெக்சஸ். நான்கு முடிந்தது.

பழைய ரசிகர்:
இங்கேதான் கதை சிக்கலாகிறது. பிளேஆஃப் தொடங்கிய நாளிலிருந்து அலபாமாவும் ஜார்ஜியாவும் இருக்கிற எஸ்.ஈ.சி. கான்ஃபரன்ஸின் அணி இல்லாமல் ஒரு வருடம்கூட நடந்ததில்லை. ஈட்டிமுனை சொல்கிறபடி செய்தால் 2023இல் எஸ்.ஈ.சி. சாம்பியனே வெளியே. டெக்சஸை எடுத்தே ஆக வேண்டும், எஸ்.ஈ.சி.யையும் விட முடியாது. மிச்சம் இருந்த நாற்காலி எதுவும் இல்லை. காயம் என்பது அந்த முடிவுக்குக் கிடைத்த வசதியான காரணம் என்றுதான் நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் "தொலைக்காட்சிதான் எல்லாம் செய்தது" என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிளேஆஃபையும் எஸ்.ஈ.சி.யையும் ஒளிபரப்பும் ஈ.எஸ்.பி.என்.தான் ஏ.சி.சி.யையும் ஒளிபரப்புகிறது. ஏ.சி.சி.க்கென்று தனிச் சேனலே நடத்துகிறது. 13 பேர் மனதில் எஸ்.ஈ.சி. என்றால் உசத்தி என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது, அவ்வளவே போதும். போன் போட்டுச் சொல்ல ஆள் தேவையில்லை.

எண்கணக்கன்:
ஊறிப்போன எண்ணமா, பத்து வருட முடிவுகளா? 2019 முதல் 2022 வரை நான்கு பட்டமும் எஸ்.ஈ.சி.க்கு. எல்.எஸ்.யு., அலபாமா, ஜார்ஜியா இரண்டு முறை.

கிரிம்சன்காரன்:
நாங்கள் உள்ளே போய்ச் சும்மா வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளேஆஃப் அரையிறுதியான ரோஸ் பவுலில் மிச்சிகனைக் கூடுதல் நேரம் வரை இழுத்தோம், 27-20. அந்த மிச்சிகன்தான் பிறகு வாஷிங்டனை 34-13 என்று ஜெயித்துச் சாம்பியன் ஆனது. நீங்களோ ஜார்ஜியாவிடம் 63-3. பவுல் ஆட்ட வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம் அது. குழு சரியாகத்தான் கணித்திருக்கிறது.

ஈட்டிமுனை:
வந்துவிட்டதா 63-3? இதற்காகத்தான் காத்திருந்தேன்.

அந்த ஆட்டத்தில் யார் இறங்கினார்கள் என்று பாருங்கள். கியான் கோல்மன் இல்லை, ஜாரெட் வெர்ஸ் இல்லை, டிரே பென்சன் இல்லை, பிரேடன் ஃபிஸ்க் இல்லை, ஜானி வில்சன் இல்லை. ரோடமேக்கர் வேறு கல்லூரிக்கு மாற முடிவெடுத்துக் கிளம்பிவிட்டார். மொத்தமாக இருபதுக்கும் மேற்பட்டோர் ஆடவில்லை. 2024 டிராஃப்டில் எங்கள் அணியிலிருந்து 10 பேரைத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். எடுத்தது. வெர்ஸ் முதல் சுற்றில் 19வது, ஃபிஸ்க் இரண்டாம் சுற்றில், இருவருமே ராம்ஸ் அணிக்கு. ரோஸ் பவுலில் மில்ரோவை மிச்சிகன் ஆறு முறை மடக்கிக் கீழே தள்ளியது நினைவிருக்கிறதா? அதே மில்ரோவுக்கு எதிரே எங்கள் டிஃபென்ஸின் வெர்ஸும் ஃபிஸ்கும் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கொஞ்சம் கற்பனை செய்யுங்கள்.

பிளேஆஃபுக்குப் போயிருந்தால் அவர்கள் எல்லோரும் ஆடியிருப்பார்கள். ஓர் அணியை வெளியே தள்ளி, அதனால் அணி கலைந்து, கலைந்த அணி தோற்றதைக் காட்டி "பார், தள்ளியது சரி" என்பது எந்த ஊர் தர்க்கம்?

எண்கணக்கன்:
தர்க்கம் சரி, 63-3 எதையும் நிரூபிக்காது, அதை நான் ஒருபோதும் வாதமாக வைத்ததும் இல்லை. ஆனால் ஜார்ஜியாவும் அதே நிலையில்தான் இருந்தது. டிசம்பர் 1 அன்று முதலிடம், டிசம்பர் 3 அன்று ஆறாவது. அவர்களிலும் பிராக் பவர்ஸ் மாதிரிச் சிலர் ஆடவில்லை. பெரும்பாலோர் வந்து ஆடினார்கள், இடைவேளையில் 42-3. மனம் உடைந்தது இரு பக்கமும். ஒரு பக்கம் மைதானத்துக்கு வந்தது.

ஈட்டிமுனை:
ஒரு தோல்விக்குப் பிறகு வெளியேறுவதும் தோற்காமலே வெளியேற்றப்படுவதும் ஒன்றா? ஜார்ஜியா பயிற்சியாளர் கெர்பி ஸ்மார்ட்டே, 60 புள்ளியில் ஜெயித்த அன்று, இந்த நிலைமையைச் சரிசெய்தாக வேண்டும் என்றுதான் பேசினார்.

பழைய ரசிகர்:
எனக்கு இதில் மறக்காதது டிராவிஸ்தான். பட்டியல் வந்த அன்று அவர் எழுதியதன் சாரம்: என் கால் சீசனில் இன்னும் முன்னாலேயே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கை விடப் பெரியது என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்பது. ஒரு பையன் தன் காயத்துக்காக அணியிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். எண்கணக்கன் சொல்கிற விதி புத்தகத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. அதைத் தோல்வியே காணாத சாம்பியன் மேல் பிரயோகிக்க வேண்டிய அவசியம் என்ன என்பதுதான் கேள்வி.

அப்புறம் விளைவைப் பாருங்கள். டிசம்பர் 22 அன்று பல்கலைக்கழகம் ஏ.சி.சி. மேலேயே வழக்குப் போட்டது. ஏ.சி.சி. அதற்கு ஒரு நாள் முந்திக்கொண்டு தன் பக்கம் வழக்குப் போட்டிருந்தது. இந்த கான்ஃபரன்ஸில் இருந்தால் 13-0 கூடப் போதாது என்ற கோபத்துக்கு நீதிமன்ற வடிவம் கிடைத்தது, வருமானப் பங்கீட்டை மாற்றி 2025 மார்ச்சில்தான் சமரசம்.

கிரிம்சன்காரன்:
2024இல் நீங்கள் 2-10 ஆனதை யாரும் சொல்லவே இல்லையே அண்ணே.

ஈட்டிமுனை:
சொல்லிவிட்டாய், சந்தோஷமா? 2024 அணிக்கும் 2023 கேள்விக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பத்துப் பேரும் அதற்குள் என்.எஃப்.எல்.லில் இருந்தார்கள்.

2024 முதல் 12 அணி பிளேஆஃப் வந்துவிட்டது. அந்த முறை ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் முதல் சுற்று ஆட்டம் டலாஹாசியில் எங்கள் மைதானத்திலேயே நடந்திருக்கும். ஒரு வருடம்.

எண்கணக்கன்:
அப்போது சண்டை 12வது இடத்துக்கும் 13வது இடத்துக்கும் நடுவில் நடந்திருக்கும். குழு இருக்கும்வரை ஏதோ ஓர் அணி கதவுக்கு வெளியே நிற்கத்தான் செய்யும். அதில் தோற்காத சாம்பியன் இருக்க மாட்டார் என்ற அளவில் புதிய முறை நல்லது, அதை ஒப்புக்கொள்கிறேன். நான்கு இடம் மட்டும் இருந்தபோது நான் அந்த அறையில் இருந்திருந்தாலும் அலபாமாவுக்குத்தான் வாக்களித்திருப்பேன்.

ஓரமாக நிற்பவன்:
இவ்வளவு பேசிய பிறகு ஒரு முழு ஆட்டம் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அந்த சீசனில் எதிலிருந்து தொடங்கலாம்?

ஈட்டிமுனை:
கிளெம்சன் ஆட்டம். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது ஏழு புள்ளி பின்னால் இருந்தோம். கேலன் டிலோச் குவார்ட்டர்பேக்கிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்து 56 யார்டு ஓடிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கியான் கோல்மன் பிடித்ததுதான் வெற்றி டச்டவுன். லூயிவில் ஆட்டத்தை அப்புறம் பாருங்கள், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எண்கணக்கன்:
நடுவில் கிளெம்சன்காரர் 29 யார்டிலிருந்து ஒரு ஃபீல்டு கோலை வெளியே உதைத்தாரே, அதை விட்டுவிட்டீர்கள். அது உள்ளே போயிருந்தால் நாம் இந்த விவாதத்துக்கே வந்திருக்க மாட்டோம்.

ஈட்டிமுனை:
உங்களுடைய 31 யார்டையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நடையைக் கட்டுங்கள்.

கிரிம்சன்காரன்:
அது என்னுடையது அண்ணே, அவருடையது இல்லை.