மீன் வறுவலுக்கு எந்த ஷாம்பெய்ன் பொருந்தும்?

கேள்வி – முத்தியால்பேட்டைவாசி:
பிரான்சில் குடியிருக்கும் என் மைத்துனர் பொங்கலுக்குப் புதுச்சேரி வருகிறார். வரும்போது பெரிய நிறுவனங்களின் ஷாம்பெய்னைத் தவிர்த்து, திராட்சை பயிரிடும் குடும்பங்களே தயாரிப்பதை வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். வீட்டில் வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, கருவாட்டுக் குழம்பு ஆகியவை சமைக்கப்படும். இவற்றோடு பருக எதைச் சொல்லலாம் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – லாஸ்பேட்டையார்:
தாராளமாக வாங்கி வரச் சொல்லுங்கள். பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தின் சுமார் 34,000 ஹெக்டேர் திராட்சைத் தோட்டங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு விவசாயிகளிடமே இருக்கிறது; ஆயினும் அவர்களில் பெரும்பாலோர் திராட்சையை நிறுவனங்களுக்கோ கூட்டுறவுச் சங்கங்களுக்கோ கொடுத்துவிடுகிறார்கள். இந்த உறவு எப்போதும் சுமுகமாக இருந்ததில்லை. வெளி மாவட்டத் திராட்சையைக் கொண்டுவந்து விலையைக் குலைத்த வணிகர்கள் மீது விவசாயிகள் 1911இல் கொதித்தெழுந்து, ஆயி என்னும் ஊரில் (நம் ஆயி மண்டபத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை) கிடங்குகளைச் சூறையாடினார்கள்.

லேபிளில் பொடி எழுத்தில் 'ஆர்.எம்.' என்றிருந்தால், விவசாயி தன் தோட்டத்துப் பழத்தைக் கொண்டு தானே தயாரித்தது என்று பொருள், 'என்.எம்.' என்பது பிறரிடமிருந்தும் பழம் வாங்கித் தயாரிக்கும் நிறுவனத்தைக் குறிக்கும். அவீஸ் ஊரின் செலோஸ், அம்போனே ஊரின் எக்லி-உரியே ஆகியோர் இப்படித் தாமே தயாரிக்கும் விவசாயிகளில் பெயர் பெற்றவர்கள், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். மீனுக்கென்றால் நான் க்யுயி ஊரின் கிமோனே குடும்பத்தைச் சொல்வேன். அங்கே ஷார்தொனே என்னும் வெள்ளைத் திராட்சையே முதன்மை.

பதில் – மஞ்சக்குப்பம் சமையற்காரி:
தயாரித்தவர் யார் என்பதைவிட, அதில் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்பதே நம் சாப்பாட்டுக்கு முக்கியம், ஐயா. வறுவலின் எண்ணெய்ப் பிசுக்கை ஷாம்பெய்னின் புளிப்பும் நுரையும் வெட்டிவிடுவதால், லிட்டருக்கு 6 கிராமுக்கு மேல் சர்க்கரை சேராத 'எக்ஸ்ட்ரா ப்ரூட்' அதற்கு அருமையாகப் பொருந்தும். மசாலாவில் மிளகாய்த்தூளைக் குறைத்து மிளகைக் கூட்டினால் இன்னும் நல்லது. இறால் தொக்கின் கதை வேறு. ஆல்கஹாலும் நுரையும் காரத்தை மேலும் எரியச் செய்யுமாதலால், லிட்டருக்கு 32 முதல் 50 கிராம் வரை சர்க்கரை உள்ள 'தெமி-செக்' அதைத் தணிக்கும். இனிப்பு ஷாம்பெய்ன் என்று ஏளனம் செய்பவர்கள் நம் தொக்கை உண்டு பார்த்ததில்லை போலும். கருவாட்டுக் குழம்போடு எதையும் ஊற்ற வேண்டாம்; அந்தப் புளியும் வாசமும் நல்ல ஷாம்பெய்னைத் தண்ணீராக்கிவிடும்.

பதில் – குருசுக்குப்பம் வாசகர்:
லாஸ்பேட்டையார் சொன்னதை ஒரு திருத்தத்தோடு ஏற்கிறேன். 'ஆர்.எம்.' என்பது தயாரித்தவரைக் காட்டுமே தவிர, தரத்துக்குச் சான்றாகாது. பல ஊர்ப் பழங்களையும் பழைய ஆண்டுகளின் இருப்பையும் கலக்கும் வசதி பெரிய நிறுவனங்களுக்கு உண்டு. ஒரே ஊரில் சில ஹெக்டேர் மட்டும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, பருவம் பொய்த்த ஆண்டில் அந்த வசதி குறைவு. அதே சமயம், ஒரு கிராமத்து மண்ணின் சுவையைக் கலப்பின்றி அறிய விரும்புபவருக்கு அந்தக் குறையே ஈர்ப்பாகவும் அமையும். ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெய்ன் குறைந்தது 15 மாதமும், ஆண்டு குறிப்பிட்டது 3 ஆண்டும் கிடங்கில் இருந்த பிறகே விற்பனைக்கு வருகிறது. புட்டியிலிருந்து ஈஸ்ட் வண்டலை வெளியேற்றிய தேதியைப் பல விவசாயிகள் பின்லேபிளில் அச்சிடுகிறார்கள்; மைத்துனரை அதையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வந்ததும் நம் ஊர் வெக்கையில் அலமாரியில் வைக்காமல் குளிர்பெட்டியில் படுக்க வைத்து, 8 முதல் 10 டிகிரி குளிர்ச்சியில், குறுகிய நீள்குவளையைத் தவிர்த்துச் சாதாரண ஒயின் கோப்பையில் பரிமாறுங்கள்.