வாக்குப்பதிவு குறைந்தது ஏன், யாருக்குப் போட்டார்கள்: சர்வேயில் எதைக் கேட்பது?

கோலப்புள்ளி:
அடுத்தடுத்த இரண்டு வார்டுகள். வயது, படிப்பு, வருமானம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒன்றில் வாக்குப்பதிவு நன்றாகவே குறைவு. காரணம் தெரிந்துகொள்ள வார்டுக்கு 200 பேர் வீதம் 400 பேரிடம் சர்வே எடுக்கப்போகிறோம். "ஏன் வாக்களிக்கவில்லை?", "வேட்பாளரிடம் எதைப் பார்த்து வாக்களித்தீர்கள்?" இந்த இரண்டும்தான் முக்கியக் கேள்விகள். வேறு என்ன சேர்க்கலாம்?

வரிசைஎண்:
சேர்ப்பதற்கு முன் வாக்காளர் பட்டியலைச் சரிபாருங்கள். பாதி மர்மம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு வார்டில் தகுதியுள்ளவர்கள் 1,000 பேர் என்று வையுங்கள். பட்டியலில் 1,100 பெயர். அதில் 150 பேர் இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இருமுறை பதிவானவர்கள். தகுதியிருந்தும் பெயர் விட்டுப்போனவர்கள் 50 பேர். பதிவான வாக்கு 600. பட்டியலை வைத்துக் கணக்கிட்டால் 54.5 சதவீதம். தகுதியுள்ளவர்களை வைத்தால் 60. அந்த 150 பெயரை நீக்கிவிட்டால் 63.2. ஒருவர்கூடக் கூடுதலாக வாக்களிக்காமலே கிட்டத்தட்ட 9 சதவீதப் புள்ளி ஏறிவிட்டது! வாடகை வீடுகள் அதிகமுள்ள வார்டில் இந்தக் கோளாறு இன்னும் பெரிதாக இருக்கும்.

பட்டியலிலிருந்து 100 பெயரைக் குலுக்கல் முறையில் எடுத்து வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். ஆள் இருக்கிறாரா, இல்லையா என்பது மட்டும் போதும்.

பூத்ஸ்லிப்:
மேலே சொன்னதை வழிமொழிகிறேன். பட்டியல் சரியாக இருந்தும் வித்தியாசம் நீடித்தால், அடுத்து பார்க்கவேண்டியது சிரமம். ஒருவர் வாக்களிக்கப் போவாரா என்பதற்கு ரைக்கர், ஆர்டெஷூக் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் 1968-ல் கொடுத்த சமன்பாட்டைப் பேச்சுவழக்கில் சொன்னால்: என் ஒரு வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பை அதனால் வரும் பயனால் பெருக்கி, சிரமத்தைக் கழித்து, கடமையுணர்வைக் கூட்டு. முதல் பகுதி ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே ஆட்டம் முழுக்க சிரமத்துக்கும் கடமையுணர்வுக்கும் இடையில்தான்.

சிரமம் என்றால் மலையேறுவது அல்ல. லாஸ் ஏஞ்சலஸில் 2003 தேர்தலில் வாக்குச்சாவடிகளைக் குறைத்து இணைத்தார்கள். சாவடி மாறியவர்களிடையே நேரில் வந்து வாக்களிப்பது சுமார் 3 புள்ளி குறைந்தது. அதில் 1 புள்ளிக்குச் சற்று அதிகமாகத் தபால் வாக்கில் திரும்பியது. தூரம் மட்டும் காரணமில்லை, "இந்தத் தடவை எங்கே?" என்று தேடவேண்டியிருந்ததும் காரணம். உங்கள் இரண்டு வார்டில் எதிலாவது சாவடி மாறியதா?

கடமையுணர்வு தனியாக அதிகம் செய்யாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2006 ஆகஸ்ட் முதனிலைத் தேர்தலுக்கு (கட்சிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) முன் நடந்த பரிசோதனையில், கடிதம் எதுவும் போகாத வீடுகளில் 29.7 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். "வாக்களிப்பது கடமை" என்று மட்டும் எழுதிய கடிதம் சேர்த்தது 1.8 புள்ளி. உங்கள் தெருவில் முன்பு யார் வாக்களித்தார், யார் வரவில்லை என்ற பட்டியலோடு போன கடிதம் வாக்குப்பதிவை 37.8 சதவீதத்துக்குத் தூக்கியது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதற்கு அவ்வளவு வலு. (இதை அப்படியே செய்யாதீர்கள், பல நாடுகளில் அந்தப் பதிவு வெளியில் கிடைக்காது, கிடைத்தாலும் சண்டைதான் வரும்.) கட்டாய வாக்களிப்பு இன்னொரு ரகம்: ஆஸ்திரேலியா 1924-ல் சட்டம் போட்டதும் 60-க்குக் கீழே கிடந்த விகிதம் அடுத்த ஆண்டே 91-ஐத் தாண்டியது.

ஆக, அடுத்தவர் தரும் உந்துதலையும் பார்க்கவேண்டும்: உங்கள் சர்வேயில் "யாராவது நேரில் வந்து கூப்பிட்டார்களா?" என்ற கேள்வி கட்டாயம் வேண்டும்.

கோலப்புள்ளி:
சாவடி மாறியதா என்று விசாரிக்கிறேன். அப்படியானால் "ஏன்" கேள்வியே வேண்டாமா? வேட்பாளர் தேர்வுக்கு என்ன கேட்பது?

மைப்புள்ளி:
"ஏன்" என்று கேட்டால் கௌரவமான பதில்தான் வரும். வாக்களிக்காதவர்களில் பலர் வாக்களித்ததாகவே சொல்வார்கள். நேராக "வாக்களித்தீர்களா?" என்று கேட்காமல், முகம் கோணாமல் சொல்ல வழிவிடுங்கள்: "இந்த முறை போகவில்லை", "போகலாம் என்று நினைத்தேன், முடியவில்லை", "வழக்கமாகப் போவேன், இந்த முறை இல்லை", "கண்டிப்பாக வாக்களித்தேன்".

வேட்பாளர் விஷயத்தில் "நேர்மை, படிப்பு, கொள்கை" என்று பட்டியல் நீட்டினால் எல்லோரும் நேர்மையை டிக் செய்வார்கள். உண்மையில் பெரும்பாலான வாக்கு கட்சியைப் பார்த்தே விழுகிறது. அடுத்தது, பதவியில் இருக்கிறவர் செய்தாரா இல்லையா என்ற கணக்கு. கட்சிப் பெயர் இல்லாத, யாரும் பேசாத சின்னத் தேர்தல்களில்தான் மற்றவை தலைதூக்கும். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் வரிசை சாவடிக்குச் சாவடி மாறும். 1992 முடிவுகளை ஆராய்ந்தபோது, வரிசையின் தாக்கம் தெரிந்த போட்டிகளில் முதலில் அச்சான பெயருக்குச் சராசரியாக 2.5 புள்ளி கூடுதல். வாக்களித்தவரிடம் கேட்டால் "முதல் பெயர் என்பதால் போட்டேன்" என்று ஒருவரும் சொல்லமாட்டார்.

செய்யவேண்டியது: மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். சீட்டிலும் வினாத்தாளிலும் ஒரே எண் இருக்கட்டும். கருத்துக் கேள்விகளுக்கு முன்பே இது முடியவேண்டும். பின்னால் வைத்தால், தன் பதிலுக்குப் பொருந்துகிறவரைத் தேடிக் குறிப்பார்கள். எப்போது முடிவு செய்தார், இரண்டாவது விருப்பம் யார், ஜெயிக்கமாட்டார் என்று தனக்குப் பிடித்தவரைக் கைவிட்டாரா என்பதையும் சேருங்கள். தேர்தல் முடிந்து இரண்டு வாரத்துக்குள் எடுங்கள். தாமதமானால் ஜெயித்தவருக்குப் போட்டதாகச் சொல்பவர்கள் பெருகுவார்கள்.

வரிசைஎண்:
எண்ணிக்கை பற்றி யாரும் சொல்லவில்லையே. வார்டுக்கு 200 பேர் என்றால் இரண்டு வார்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் பிழை எல்லை (மாதிரி எடுப்பதால் மட்டுமே ஏறி இறங்கக்கூடிய அளவு) கிட்டத்தட்ட ±10 புள்ளி. 5 புள்ளி வித்தியாசம் கிடைத்தால் அதை வைத்து ஒன்றும் எழுதமுடியாது. ±5 வேண்டுமென்றால் வார்டுக்கு 800 வரை போகவேண்டும். கையில் அவ்வளவு ஆள் இல்லையென்றால், இருக்கிற நாட்களைப் பட்டியல் சோதனைக்கே செலவிடுங்கள்.