பத்மினியில் டர்போ: பூஸ்ட் ஏறியதும் எஞ்சின் படுத்துவிடுகிறது, உடனே உதவி தேவை

திருமங்கலம்_பத்மினி:
வணக்கம். என்னிடம் பழைய பிரீமியர் பத்மினி இருக்கிறது, அதற்கு 1.3 லிட்டர் டீசல் காரின் டர்போ (எஞ்சின் புகையால் சுழன்று, உள்ளே கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) ஒன்று கிடைத்து பட்டறையில் மாட்டியாகிவிட்டது. ஐடிலிங் அருமை, காளவாசல் நெரிசலில் ஊர்ந்தாலும் ஒரு குறை இல்லை. ஆனால் ரிங் ரோட்டில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் டர்போவின் காற்றழுத்தம் (பூஸ்ட்) ஏறி விசில் சத்தம் வருகிறது, அடுத்த நொடியே பெட்ரோல் தீர்ந்த மாதிரி எஞ்சின் படுத்துவிடுகிறது, சில சமயம் கார்புரேட்டரில் டப்பென்று வெடிக்கிறது. காலை எடுத்தால் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் ஏற வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றணுமா, ஸ்பார்க் டைமிங்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகை_கரை:
தம்பி, ஸ்பார்க்கைக் கிளப்பும் பாயின்ட் செட்டின் கேப்பைப் பாருங்கள். பூஸ்ட் வந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், ஸ்பார்க் தாண்டத் திணறும். பிளக் கேப்பையும் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். என்ன பிளக் போட்டிருக்கிறீர்கள்?

இ20_எதிர்ப்பாளன்:
பெட்ரோல்தான் காரணம், வேறொன்றும் இல்லை. இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்கு 13.5 போதும். பழைய ஜெட்டை அப்படியே விட்டால் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடும், லீன் ஆனால் கார்புரேட்டரில் வெடிக்கும். பழைய ரப்பர் ஓஸையும் எத்தனால் அரித்துவிடும்.

பிஸ்டன்_பெரியவர்:
இங்கே வருகிற பலருக்குக் கேள்வி கேட்கவே தெரியவில்லை. கார்புரேட்டர் டர்போவுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? எந்தக் கார்புரேட்டர்? எந்த பம்ப்? பூஸ்ட் அழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ? இதையெல்லாம் சொல்லாமல் விசில் கேட்கிறது என்றால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது? முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள், டர்போவை அப்புறம் தொடலாம்.

அழகர்மலை_கராஜ்:
பெரியவர் கேட்ட முறை கடுமை, ஆனால் கேள்விகள் சரியானவை. தம்பி, முன்னாலா பின்னாலா என்பதை மட்டுமாவது சொல்லுங்கள். இரண்டுக்கும் வைத்தியமே வேறு.

திருமங்கலம்_பத்மினி:
டர்போ காற்றை கார்புரேட்டர் வாய்க்குள் தள்ளுகிறது. மேலே தகரத்தில் மூடி செய்து பைப் விட்டிருக்கிறோம். பழைய சோலெக்ஸ்தான். பம்ப் வண்டியோடு வந்தது. பூஸ்ட் 5 பிஎஸ்ஐ. சீக்கிரம் சொல்லுங்கள் அண்ணே.

சிம்மக்கல்_சோக்:
அந்த அமைப்பே வேண்டாம். கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வையுங்கள், டர்போ கலவையை உறிஞ்சிக்கொள்ளட்டும். 1962-லேயே செவ்ரோலெட் கார்வேர் மோன்சா ஸ்பைடரும் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் அப்படித்தான் வந்தன. பம்ப் மாற்ற வேண்டாம், மூடி வேண்டாம், கார்புரேட்டருக்கு டர்போ இருப்பதே தெரியாது.

அழகர்மலை_கராஜ்:
அண்ணே, அவரிடம் இருப்பது டீசல் டர்போ. டீசலில் டர்போவின் கம்ப்ரஸருக்கு (காற்றை அழுத்தும் பகுதி) முன்னால், காற்றை அடைக்கும் திராட்டில் கதவு கிடையாது. நீங்கள் சொல்கிற மாதிரி வைத்தால் காலை எடுக்கும்போதெல்லாம் கம்ப்ரஸருக்குள் வேக்குவம் உருவாகி, சீல் வழியாக ஆயிலை இழுத்து எஞ்சினுக்கு ஊட்டும். அதற்கு கார்பன் சீல் உள்ள டர்போ வேண்டும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் வைக்க முடியாது, பெட்ரோல் அதில் போய்த் தேங்கும்.

சிம்மக்கல்_சோக்:
5 பிஎஸ்ஐ-க்கு இன்டர்கூலர் எதற்கு? பெட்ரோல் ஆவியாகும்போதே காற்றைக் குளிர்விக்கும். ஜெட்ஃபயரில் தண்ணீரும் மெத்தனாலும் தெளித்துத்தான் கலவை தானாக வெடிக்கும் நாக்கிங்கை அடக்கினார்கள்.

அழகர்மலை_கராஜ்:
அந்தத் திரவத்தை நிரப்பாமல் ஓட்டி ஜெட்ஃபயர் கெட்ட பெயர் வாங்கியதும் உண்டு. 1980-களில் லோட்டஸ் எஸ்ப்ரிட் டர்போ, எம்ஜி மெட்ரோ டர்போ, ரெனோ 5 ஜிடி டர்போ எல்லாமே கார்புரேட்டருக்குள் காற்றைத் தள்ளும் முறைக்குத்தான் வந்தன. சித்திரை வெயிலில் பைப் நிறையக் கலவையோடு ஓடி ஒரு தடவை பின்வெடி வெடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இ20_எதிர்ப்பாளன்:
மெத்தனால் தெளித்தால் நல்லது, எத்தனால் கலந்தால் கெட்டது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஜெட்டைப் பெரிதாக்கினால் இ20 ஓடும். பெரிதாக்காமல் ஓட்டுவதுதான் என் சண்டை.

விளக்குத்தூண்:
வண்டியின் எஞ்சினில் இப்படி மாற்றம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இடிக்கும், எஃப்சி காட்டும்போது தெரியும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன்_பெரியவர்:
1962-ஐ விட்டுவிட்டு அவர் எழுதியதைப் படியுங்கள். மிதித்த "அடுத்த நொடியே" படுக்கிறது என்கிறார். பம்ப் போதாமல் படுத்தால் கார்புரேட்டரின் ஃபுளோட் சேம்பரில் (பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) இருக்கிற பெட்ரோல் தீரும்வரை சில நொடிகள் ஓடியிருக்கும். உடனே படுப்பதென்றால் ஃபுளோட் சேம்பரின் வென்ட் துளை வெளிக்காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. காற்று போகும் குழலான வென்சுரியில் 5 பிஎஸ்ஐ, சேம்பரில் வெறும் வெளிக்காற்று அழுத்தம். பெட்ரோல் ஜெட் வழியாக மேலே வராது, காற்றுதான் ஜெட்டுக்குள் இறங்கும். இதில் ஜெட் மாற்றி என்ன பிரயோஜனம்? வென்டிலிருந்து ஓஸ் எடுத்து அந்தத் தகர மூடிக்குள் கொடுக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டும்.

அழகர்மலை_கராஜ்:
பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஓஸ் பெட்ரோல் தாங்குகிற ரகமாக இருக்கட்டும், கிளிப் போட்டு இறுக்குங்கள். திராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் பூஸ்டில் கலவை அந்த இடைவெளியில் வெளியே பீறிடும், பக்கத்திலேயே டர்போ கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு தீயணைப்பான் இல்லாமல் வெள்ளோட்டம் போகாதீர்கள்.

வைகை_கரை:
டைமிங்கையும் பின்னால் தள்ளுங்கள், பொதுவாக ஒரு பிஎஸ்ஐ-க்கு ஒரு டிகிரி என்று ஆரம்பிப்பார்கள்.

திருமங்கலம்_பத்மினி:
வென்ட் ஓஸ் போட்டாச்சு. இப்போது உடனே படுக்கவில்லை. நத்தம் ரோட்டில் நன்றாக இழுத்தது, கொஞ்ச தூரம் போய் அப்புறம் பழையபடி படுத்துவிட்டது. ஷாஃப்ட் ஆடவில்லை.

பிஸ்டன்_பெரியவர்:
இனி பம்ப்தான். முன்பு சேம்பரில் அழுத்தம் இல்லாததால் வண்டியோடு வந்த பம்ப் நிரப்பியது. இப்போது உள்ளே 5 பிஎஸ்ஐ எதிர்த்து நிற்கிறது, அந்த பம்ப் அதைத் தாண்டித் தள்ளாது. பூஸ்டுக்கு மேல் எப்போதும் ஒரு 3 பிஎஸ்ஐ வேண்டும், அதாவது உங்களுக்கு மொத்தம் 8. எலக்ட்ரிக் பம்ப், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த பூஸ்ட் ஓஸ் இணைத்த ரெகுலேட்டர், டாங்குக்குத் திரும்பும் லைன், மூன்றும் சேர்ந்து வேண்டும். ஃபுளோட்டும் அந்த அழுத்தத்தில் நசுங்காததாக இருக்க வேண்டும்.

அழகர்மலை_கராஜ்:
இன்ஜெக்‌ஷன் வண்டி பம்ப்பை ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டிவிடாதீர்கள், 40 பிஎஸ்ஐ-யில் பெட்ரோல் வரத்தை மூடும் நீடில் வால்வ் நிற்காது, பெட்ரோல் கொப்பளிக்கும். இன்ஜெக்‌ஷன் ரெகுலேட்டரும் சரிவராது, பெரும்பாலானவை 3 பிஎஸ்ஐ வரை இறங்காது. கார்புரேட்டருக்கென்று வருவதைக் கேட்டு வாங்குங்கள். அதுவரை பூஸ்ட் ஏற விடாமல் ஓட்டுங்கள், லீனில் மிதித்தால் பிஸ்டன் ஓட்டையாகும். அப்புறம், பெட்ரோல் எஞ்சின் புகை டீசலை விடச் சூடு, 900 டிகிரியைத் தாண்டும். பத்மினியில் அந்த டர்போவை ரொம்ப நேரம் விரட்டக் கூடாது, கொடைக்கானல் மலை ஏற்றம் இதற்கு இடமே இல்லை.

திருமங்கலம்_பத்மினி:
சரி அண்ணே, பம்ப்புக்குச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மச்சான் காரில் போகிறோம்.

இ20_எதிர்ப்பாளன்:
பம்ப் வந்ததும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளையாக இருந்தால் ஜெட்டைப் பற்றிப் பேசுவோம்.