சென்னை தினத்துக்கு ராயபுரம் நடை: என்ன சொல்கிறீர்கள்?

கல்மண்டபத்துக்காரன்:
ஆகஸ்ட் 22 சென்னை தினத்துக்கு நம்ம பக்கத்துப் பையன்கள் ஒரு நடை போடுகிறார்கள். காலை ஆறு மணிக்கு ராயபுரம் ஸ்டேஷன், அப்புறம் பார்சிகளின் அக்னிக் கோயில் (வாசலோடு சரி, மற்றவர்களை உள்ளே விட மாட்டார்கள்), கடைசியில் 1949இல் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா. பிறகு கூடத்தில் பழைய பொருள் கண்காட்சி. ஆளுக்கு 200 ரூபாய். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று கிளம்பியது நம்ம ஸ்டேஷனிலிருந்துதான். சென்ட்ரலில் இறங்குகிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், தெரியாது. எனக்குச் சம்மதம்.

மில்காரர் பேத்தி:
எனக்குச் சம்மதமில்லை தம்பி. கட்டடம் விட்டுக் கட்டடம் தாவுகிறீர்கள். பின்னி துணி மில் ஆட்கள் 1918 ஏப்ரலில் பெரம்பூரில் கூடித் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் நாட்டிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம். உங்கள் வழியில் அதற்கு ஒரு நிறுத்தம்கூட இல்லை. தாத்தாவின் நம்பர் போட்ட பித்தளைப் பில்லை என் பீரோவில் இருக்கிறது. அதைப் பார்க்க நானே 200 ரூபாய் கொடுக்கணுமா?

கல்மண்டபத்துக்காரன்:
அக்கா, பெரம்பூர் வரை நடந்தால் காலை டிபன் மதியம்தான். பணம் வெளியாட்களுக்கு மட்டும், சொல்ல விட்டுப்போச்சு.

காசிமேடு வலை:
வெளியாள் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருஷம் ஒரு கூட்டம் கேமராவோடு வந்து, மீன் ஏலம் நடக்கும்போது நடுவில் நின்றது. எங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்காமலே படம் பிடித்தார்கள். கூடைக்காரம்மா ஒருத்தர் தண்ணீரை வீசி அடித்த பிறகுதான் நகர்ந்தார்கள். காசிமேட்டைச் சேர்க்காததற்கு நன்றி.

ஏழுகிணறு வாத்தியார்:
உங்கள் கோபம் நியாயம். ஆனால் வள்ளலார் குடியிருந்த வீடு எங்கள் வீராசாமி தெருவில் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. நான் சொன்னால் கேட்காதவர்கள், வெளியூர்க்காரர் வந்து அண்ணாந்து பார்த்தால் தாங்களும் பார்ப்பார்கள். பில்லையையும் வையுங்கள் அம்மா. யாருடையது, எந்த இலாகா, எந்த வருஷம் என்று பக்கத்தில் எழுதாவிட்டால் அது காயலான் கடைதான். வாங்கும் பொருளுக்கு ரசீதும் கொடுக்கணும். ஒரு கண்காட்சிக்கு நான் கொடுத்த ஆல்பம் இன்னும் வந்து சேரவில்லை.

மில்காரர் பேத்தி:
எழுதலாம் சார். 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தையும் எழுதுவீர்களா? மாதக்கணக்கில் நடந்தது. போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள்.

வியாசர்பாடி:
அதோடு நிறுத்தினால் எப்படி அக்கா? புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்ததும் அதே வருஷம்தான். எங்கள் கொள்ளுத்தாத்தா வேலைநிறுத்தத்தின்போதும் மில் வேலைக்குப் போனவர். ஊரில் நிலமும் கிடையாது, கடன் கொடுக்க ஆளும் கிடையாது. மில்லை விட்டால் அடுப்பு எரியாது என்று பாட்டி சொல்லும். தெருவில் அவருக்குக் கடைசி வரை கருங்காலி என்றுதான் பேர். சங்கத்தைக் கொண்டாடும் மேஜையில் அவரை எங்கே வைப்பீர்கள்?

ஏழுகிணறு வாத்தியார்:
இப்போதும் இரண்டு பக்கத்தாரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறோம். விசேஷ நாளில் அதைக் கிளற வேண்டாமே.

வியாசர்பாடி:
கிளறுவது நானில்லை சார். பாதியை மட்டும் எழுதினால் அதுதான் கிளறல். ஸ்டேஷன் செங்கல்லைக் காட்டினால் யாருக்கும் வலிக்காது, அதனால்தான் எல்லோரும் ஸ்டேஷனுக்கே கூட்டிப்போகிறார்கள்.

மில்காரர் பேத்தி:
எங்கள் வீட்டில் அந்தக் குடிசைக் கதையை யாரும் பேசியதில்லை. சங்கம், சங்கம் என்றுதான் கேட்டு வளர்ந்தேன். வியாசர்பாடித் தம்பி சொல்வதும் வரட்டும், என் பில்லைக்குப் பக்கத்திலேயே.

காசிமேடு வலை:
சண்டை வந்தால் யார் பொறுப்பு? இது வேண்டாத வேலை.

கல்மண்டபத்துக்காரன்:
நடை வழி அப்படியே இருக்கட்டும். பணம் ஊர்க்காரர்களுக்கு இல்லை. கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. 1921 பலகை பற்றி இங்கே முடிவாகாது போல. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூடத்துக்கு வாருங்கள். வாத்தியார் சார், நீங்களே எழுதித் தருகிறீர்களா?

ஏழுகிணறு வாத்தியார்:
எழுதுகிறேன். போடுவதா வேண்டாமா என்பதை எல்லோரும் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி:
எழுதும்போது நான் பக்கத்தில் உட்காருவேன் சார்.