அத்தானின் 18 பாகையும் இங்கிலாந்துப் படகுக் கணக்கும்

நான்காம்மாடி (வெள்ளவத்தை) கேட்கிறார்:

சித்திரையில் நடந்த கலியாணம் ஒன்றுக்காக லண்டனிலிருந்து வந்த அக்காவின் கணவர் இரண்டு கிழமையாக எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு விடயங்களில் எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. இரண்டும் எண்களைப் பற்றியவை என்பதால் விபரம் தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலாவது, படகுகள். இங்கிலாந்துக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேர் களவாகப் படகில் வந்து இறங்குகிறார்கள் என்கிறார் அத்தான். என் மகள் கைபேசியில் தேடி, சிறு படகுகளில் வந்து சேர்ந்தவர்கள் 2022 இல் 45,774 பேர், 2023 இல் 29,437 பேர், 2024 இல் 36,816 பேர் என்று பிரித்தானிய உள்துறை அமைச்சின் கணக்கைக் காட்டினாள். அரசாங்கம் சொல்வதை யார் நம்புவது என்று அவர் சிரித்துவிட்டார். (1999 இல் லொறியொன்றின் பின்பக்கத்தில் ஒளிந்து இங்கிலாந்தின் டோவர் துறைமுகம் வரை போய் அசைலம் (புகலிடம்) அடித்தவர்தான் இவர் என்பதை அக்கா நினைவூட்டினார். அன்றிரவு மேசையில் அதற்கு மேல் கதை எழவில்லை.)

இரண்டாவது, ஏசி. வரவேற்பறைச் சுவரில் தொங்கும் வெப்பமானி இரவு ஒன்பது மணிக்கு 29 பாகை காட்டுகிறது. ஃபேனைப் போட்டுக்கொண்டு இருந்தால் அது எனக்குப் போதும், அத்தானுக்கோ அவிகிறது. அவர் ரிமோட்டை எடுத்து 18 இல் வைக்கிறார், அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு மூலையில் உட்காருகிறார், நான் மின்கட்டணத்தை நினைத்துக்கொண்டு 27 இற்கு ஏற்றுகிறேன். 180 அலகுகளைக் கடந்தால் என்ன வீதத்தில் அறவிடுவார்கள் என்பது கொழும்பில் ஏசி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். பத்து இலட்சம் என்பது எங்கிருந்து வந்தது? 29 பாகை உண்மையில் தாங்கக்கூடியதா, இல்லையா?

கணக்குப்பிள்ளை பதில்:

உங்கள் அத்தான் அந்த எண்ணை இட்டுக்கட்டவில்லை. வேறொரு பெட்டியில் இருந்ததை எடுத்து இந்தப் பெட்டியில் போட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். 2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் ஓராண்டாவது தங்கும் நோக்கத்துடன் பிரித்தானியாவுக்குள் வந்தவர்களின் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது உண்மைதான். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மாணவர்கள், மருத்துவமனைகளிலும் முதியோர் பராமரிப்பிலும் வேலை செய்யப் போனவர்கள், அவர்களுடைய குடும்பத்தார், உக்ரேனியர், ஹொங்கொங் காரர் என்று விசாவோடு விமான நிலையத்தில் இறங்கியவர்கள். வெள்ளவத்தையிலிருந்தே எத்தனை பிள்ளைகள் அந்த இரண்டு ஆண்டுகளில் மாஸ்டர்ஸ் படிக்கவென்று போனார்கள் என்று உங்கள் மாடிப்படியில் விசாரித்தாலே தெரியும்.

அரசாங்கக் கணக்கை நம்பலாமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாது. வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்து வரும் நிகரத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூனுடன் முடிந்த ஓராண்டுக்கு அது 672,000 என்று பிரித்தானியத் தேசியப் புள்ளிவிபர அலுவலகம் 2023 நவம்பரில் வெளியிட்டது. பிறகு அது 740,000 ஆனது. 2024 நவம்பரில் அதே ஓராண்டுக்கான தொகையை 906,000 என்று திருத்தினார்கள். முடிந்துபோன ஓராண்டின் தொகை இரண்டு இலட்சத்துக்கும் மேல் ஏறியதைப் பார்ப்பவருக்கு, ஏதோ மறைத்தார்கள் என்று தோன்றுவதில் வியப்பில்லை. வந்தவர் எவ்வளவு காலம் தங்குவார், எப்போது திரும்புவார் என்பதை முதலில் ஊகித்துத்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது. விசாப் பதிவுகள் முழுமையாகக் கைக்கு வரவர ஊகம் திருத்தப்படுகிறது.

படகுக் கணக்கு இதற்கு நேர்மாறானது. கடலில் மீட்டோ கரையில் பிடித்தோ, ஆளாளாக எண்ணித்தான் அந்தத் தொகை பதிவாகிறது. ஆகவே இந்த வாக்குவாதத்தில் ஆகச் சிறிய எண்தான் ஆக உறுதியான எண். ஆக உறுதியற்றது, ஆவணம் இல்லாமல் அந்நாட்டில் ஏற்கெனவே வசிப்பவர்களின் தொகை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2017 ஆம் ஆண்டுக்கு அதை 8 இலட்சத்துக்கும் 12 இலட்சத்துக்கும் இடையில் என்று மதிப்பிட்டது. அந்த இடைவெளியே நான்கு இலட்சம். ஆண்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதும் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் வேறு. குழாயில் வரும் தண்ணீரை அளந்துவிட்டுத் தாங்கியில் இருப்பது அவ்வளவுதான் என்று எவரும் சொல்வதில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. ஐரோப்பிய எல்லைக் காவல் முகவரகமான ஃபுரொன்டெக்ஸ் 2015 இல் 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட எல்லை மீறல்களைக் கண்டறிந்ததாக அறிவித்தது. அதே ஆண்டில் கடல்வழியாக ஐரோப்பாவை அடைந்தவர்கள் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் என்றது ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம். இரண்டும் பொய்யல்ல. கிரேக்கத் தீவொன்றில் இறங்கியபோது எண்ணப்பட்ட ஒருவர், அந்த நாட்டை விட்டு வெளியேறி ஹங்கேரி எல்லையில் மறுபடி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைந்தபோது மீண்டும் எண்ணப்பட்டார். ஃபுரொன்டெக்ஸ் எண்ணுவது கடப்புகளை, ஆட்களை அல்ல.

நாமும் இதே பிழையை விடுகிறோம். 2022 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவோடு புறப்பட்டோர் மூன்று இலட்சத்தைத் தாண்டியபோது, நாடே காலியாகிறது என்று பஸ்ஸில்கூடப் பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்தவர்கள் அதில் கழிக்கப்படுவதில்லை; சுற்றுலா விசாவில் போய் வேலை தேடியவர்களும் படகேறியவர்களும் அதில் இல்லவே இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரி பதில்:

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆனாலும் ஒரு மறுப்பு உண்டு. பெட்டி மாறிவிட்டது என்று சொல்லி அத்தானை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. 2018 இல் சிறு படகுகளில் வந்தவர்கள் 299 பேர். நான்கே ஆண்டுகளில் அது 45,774 ஆகியது. ஒரே முறையில் எண்ணப்பட்ட இரண்டு எண்கள் இவை. டோவர்ப் பக்கம் வசிக்கும் ஒருவர் நிலைமை மாறிவிட்டது என்று சொன்னால் அது கண்ணால் கண்டது.

அதே வேளை, அந்த ஏற்றம் முழுவதும் புதிய ஆட்களால் வந்ததென்றும் கொள்ளக் கூடாது. பிரான்சின் கலே துறைமுகத்திலும் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போகும் கடலடிச் சுரங்கப்பாதையின் வாயிலிலும் வேலிகளும் சோதனைகளும் இறுகின. கொரோனாக் காலத்தில் லொறிப் போக்குவரத்தும் குறைந்தது. லொறியில் ஒளிந்தவர்களில் ஒரு பகுதியினர் ரப்பர் படகுக்கு மாறினார்கள். லொறியில் போகிறவர் பிடிபடாவிட்டால் எந்தக் கணக்கிலும் இல்லை. படகில் போகிறவரோ ஏறத்தாழ எப்போதும் கணக்கில் விழுகிறார். என் தம்பி லொறியில் போனவர். அவர் இங்கிலாந்தில் கால் வைத்த நாள் எந்தப் பதிவிலும் கிடையாது. மூன்று நாள் கழித்து ஓர் அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்த நாள்தான் பதிவில் இருக்கிறது. உங்கள் அத்தானின் 1999 உம் அப்படித்தான் இருந்திருக்கும்.

தெஹிவளை ஏசிக்காரன் பதில்:

படகு விடயம் எனக்குத் தெரியாது. இருபது வருடமாகக் குளிரூட்டி பொருத்தும் வேலையில் இருப்பதால் இரண்டாவது கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

29 என்பது சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றின் வெப்பநிலை. உடம்பு அதை மட்டும் உணர்வதில்லை. காற்றின் வெப்பம், சுற்றியுள்ள சுவர், கூரை ஆகியவற்றின் வெப்பம், ஈரப்பதன், காற்றோட்டம், உடுத்தியிருக்கும் துணி, செய்யும் வேலை என்று ஆறு விடயங்களை வைத்துத்தான் டென்மார்க்கின் ஃபாங்கர் என்ற ஆய்வாளர் 1970 இல் தன் கணக்கை அமைத்தார்; இன்றும் எங்கள் தொழிலின் தரநிலைகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுவதும் இந்த ஆறில் ஒன்றான ஈரப்பதனுக்காகத்தான்: 32 பாகையில் ஈரப்பதன் 40 வீதமானால் உடம்புக்கு 33 போல இருக்கும், 70 வீதமானால் 41 போல இருக்கும். அதுவும் நிழலில் இருப்பவருக்கு.

பழக்கத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. யன்னல் திறந்து வாழும் கட்டடங்களுக்கு டி டியர், பிரேகர் என்ற இரு ஆய்வாளர்கள் தந்த சூத்திரம்: வெளியே அந்தக் காலத்துச் சராசரி வெப்பநிலையை 0.31 ஆல் பெருக்கி 17.8 ஐக் கூட்டுங்கள். கொழும்புக்கு 28 என்று வைத்தால் 26.5 வருகிறது; அதற்கு மேலும் கீழும் 3.5 பாகை வரை பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள், அதாவது 30 வரை. லண்டனின் ஜூலைச் சராசரியான 19 ஐப் போட்டுப் பாருங்கள், 23.7 தான் வரும். உங்களுடைய 29 இந்த ஊர்க்காரருக்கு எல்லைக்குள் நிற்கிறது, உங்கள் விருந்தாளிக்கு எல்லைக்கு வெகு வெளியே. சித்திரை முதற் கிழமைகளில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கும். சோளகம் எழும்பும் வரை காற்றும் இராது. வருவதற்கு இதைவிடப் பொல்லாத மாதத்தை அவர் தேர்ந்திருக்க முடியாது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். நான்காம் மாடிக்கு மேல் வேறு வீடு இருக்கிறதா? இல்லை என்றால், பகல் முழுவதும் வெயில் குடித்த கொங்கிரீட் ஸ்லாப் இரவு பத்துப் பதினொரு மணி வரை அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். சுவர் வெப்பமானி அதைக் காட்டாது. ஒன்பது மணிக்கு ஒரு கதிரையில் ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

18 இல் வைப்பதால் அறை விரைவாகக் குளிராது. சாதாரண ஏசியின் கம்பிரசர் 18 இலும் 26 இலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 இல் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 26 அல்லது 27 இல் வைத்து ஃபேனையும் மெதுவாகப் போடுங்கள். ஃபேன் காற்றைக் குளிர்விக்காது, வேர்வையை உலர்த்தும். அதற்கு 70 வாட் போதும், ஏசி ஆயிரம் வாட்டைத் தின்னும். வெள்ளைக் கூரைப் பூச்சு அடித்தால் மேலும் நல்லது, ஆனால் அதற்கு மாடிச் சங்கத்தின் அனுமதி வேண்டும். அந்தக் கதையை நான் தொடங்கவில்லை.

நான்காம்மாடி மீண்டும்:

எங்களுக்கு மேல் வெறும் தட்டும் தண்ணீர்த் தாங்கியும்தான். நேற்றிரவு அத்தானையே கதிரையில் ஏற்றினேன். உட்கூரையில் கையை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். வெயிலில் நின்ற காரின் பொனட் போல இருக்கிறது என்றார். பிறகு இருவருமாக வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு இரண்டாம் மாடியில் இருக்கும் மாமி வீட்டுக்குப் போனோம். அங்கேயும் அது 29 தான் காட்டியது, ஏசியும் இல்லை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் தேத்தண்ணீர் குடித்துக் கதைத்த அத்தான், ஒரு தடவைகூட சட்டைக் கழுத்தைத் தளர்த்தவில்லை.

பத்து இலட்சம் படகில் வந்தவர்களின் தொகையல்ல என்பதை ஏற்றுக்கொண்டார். 299 ஐப் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்து, நான் சொன்னது அதைத்தானே என்றார். லொறிகள் கணக்கில் வருவதில்லை என்ற பகுதியை மகள் வாசித்தபோது எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த லொறியில் தன்னோடு ஏழு பேர் இருந்தார்கள் என்றும் அவர்களில் இரண்டு பேரைப் பிறகு ஒருநாளும் காணவில்லை என்றும் சொன்னார்.

ஏசி இப்போது 26 இல் இருக்கிறது. அம்மா இன்னும் போர்வையை மடித்து வைக்கவில்லை. ஃபேன் காற்று காதுக்குள் போகிறதாம்.