சிகரெட்டே தொடாத அம்மாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட்டு அடைச்சுக்கற நுரையீரல் நோய்)

எங்க வீட்ல யாரும் சிகரெட் பிடிச்சதே கிடையாது, அதனால நுரையீரல்னு யாருக்கும் தோணல. அம்மா முப்பது வருஷம் விறகடுப்புல சமைச்சவங்க, கேஸ் வந்து பத்து வருஷம் ஆச்சு ஆனா இருமல் மட்டும் போகல, சளி உடம்புன்னே விட்டுட்டோம். மாடிப்படில பாதியில நின்னு எதையோ மறந்துட்ட மாதிரி திரும்பிப் பாப்பாங்க. மூச்சு வாங்கறத மறைக்கத்தான் அதுன்னு எனக்குப் புரியவே ரொம்ப நாளாச்சு.

எக்ஸ்ரே நார்மல்னு ஒருத்தர் அனுப்பிட்டார் (ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமலே இருக்கலாமாம், அது அப்ப எங்களுக்குத் தெரியாது). ரெண்டாவது டாக்டர்தான் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பாக்கற மூச்சு டெஸ்ட், எடுக்கச் சொன்னார். மூக்குல கிளிப் போட்டு, மூச்ச முழுசா இழுத்து குழாய்ல ஒரே தம்ல ஊதணும், 6 செகண்டாவது விடாம. டெஸ்ட் எடுக்கற பொண்ணு "இன்னும் இன்னும் விடாதீங்க"ன்னு கத்த கத்த அம்மாவுக்கு முகமெல்லாம் செவந்து கண்ணுல தண்ணி. அப்புறம் இன்ஹேலர் குடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்பவும் அதே கூத்து. மொத்தமா ஊதின காத்துல மொத செகண்ட்ல எவ்வளவு வந்துச்சுங்கறதுதான் கணக்காம், மருந்துக்கப்புறமும் 70 சதவீதத்துக்குக் கீழன்னா மூச்சுக்குழாய் அடைப்பு நிலையா இருக்குன்னு அர்த்தம். அம்மாவுக்கு 58, அதான் சிஓபிடின்னாங்க. அடுப்புப் புகையா இவ்ளோ பண்ணும்னு கேட்டா, 2020ல வீட்டுக்குள்ள இருக்கற புகையால செத்தவங்க மட்டும் 32 லட்சம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

——

படிச்சதும் பக்குனு ஆச்சு. நான் வெல்டிங், 12 வருஷம். கர்சீப் கட்டிக்கிட்டா போதும்னு இருந்தேன், ஆனா புகைல இருக்கற பொடி 2.5 மைக்ரானுக்கும் கீழ, தலைமுடி தடிமன்ல முப்பதுல ஒரு பங்கு கூட இருக்காது, துணியெல்லாம் அதுக்கு பெரிய ஓட்டை வலை மாதிரி, உள்ள வந்துடும். இப்ப என்95 மாஸ்க் போடுறேன், அதுக்காக தாடியவும் எடுத்தாச்சு, இல்லன்னா ஓரத்துல காத்து புகுந்துடும். வெல்டிங்ல வர்ற கேஸ மாஸ்க் தடுக்காதுங்கறதால ஃபேனும் வெச்சிருக்கேன். அம்மா இப்ப எப்படி இருக்காங்க?

——

பரவால்ல. மொத ரெண்டு மாசம் இன்ஹேலர தப்பா அடிச்சு மருந்தெல்லாம் தொண்டையிலயே நின்னுடுச்சு, ஸ்பேசர் (இன்ஹேலர் முன்னாடி மாட்டுற குழாய்) வாங்கினப்புறம்தான் வேலை செய்யுது. போன நுரையீரல் திரும்ப வராதுன்னு டாக்டர் நேராவே சொல்லிட்டார். இப்பவும் படில பாதியில நிக்கறாங்க, ஆனா எதையும் தேடுற மாதிரி நடிக்கறதில்ல, கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு உதட்ட குவிச்சு மெதுவா ஊதிட்டு ஏறுறாங்க.