சன்னி டே ரியல் எஸ்டேட்: ‘டைரி’க்கு முந்தைய 1993 தட்டுகள்

கேள்வி:
சன்னி டே ரியல் எஸ்டேட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பம் ‘டைரி’ (1994). அதற்கு முன்னால் அவர்கள் வெளியிட்ட இரண்டு ஏழு அங்குல வினைல் இசைத்தட்டுகளும் மறுவெளியீட்டில் கிடைக்கின்றனவா? அசல் தட்டையே வாங்கினால் கணினியில் எப்படிப் பதிவெடுப்பது?

பதில் 1:
பாதிதான் கிடைக்கும். சப் பாப் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் 2009-இல் ‘டைரி’யை மறுவெளியீடு செய்தபோது ‘8’, ‘9’ என்ற இரண்டு பாட்டுகளைக் கூடுதலாகச் சேர்த்தது. அவை ‘தீஃப், ஸ்டீல் மீ எ பீச்’ தட்டில் இருந்தவை. முதல் தட்டான ‘ஃப்ளாட்லேண்ட் ஸ்பைடர்’ அதில் இல்லை.

‘8’ விஷயத்தில் கவனம் தேவை. 1995-இல் வந்த அவர்களின் அடுத்த ஆல்பமான ‘எல்பி2’விலும் ‘பேட்மேன் ஃபாரெவர்’ திரைப்படப் பாடல் தொகுப்பிலும் அதே பெயரில் பாட்டு உண்டு. பெயரை மட்டும் பார்த்துத் தரவிறக்கினால் 1993 வடிவம் கைக்கு வராது.

பதில் 2:
இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், குரலே வேறு. முதல் தட்டில் பாடுபவர் கிட்டார் வாசிப்பாளர் டான் ஹோர்னர். பேஸ் கிட்டார் வாசிக்கும் நேட் மெண்டல் வேறொரு இசைக்குழுவோடு சுற்றுப்பயணம் போன இடைவெளியில் ஹோர்னர் பேஸைக் கையில் எடுத்தார். வில்லியம் கோல்ட்ஸ்மித் டிரம்ஸில் தொடர, பாடவும் கிட்டார் வாசிக்கவும் ஜெரமி எனிக் வந்தார். அந்த மூவர் கூட்டணியின் பெயர்தான் இரண்டாம் தட்டின் தலைப்பு. மெண்டல் திரும்பியதும் ‘டைரி’யின் நால்வர் குழு உருவாகிவிட்டது. என்னைக் கேட்டால், இந்த மாற்றம் காதில் விழுவதற்காகவே முதல் தட்டைத் தேடலாம்.

பதில் 3:
பதிவெடுப்பது பற்றி. முதலில் வேகம். ஏழு அங்குலம் என்றாலே நிமிடத்துக்கு 45 சுற்று என்று நினைக்காதீர்கள், லேபிளைப் பாருங்கள். 33⅓ வேகத் தட்டை 45-இல் ஓட்டினால் சுருதி ஐந்து அரைச்சுரத்துக்கு மேல் ஏறிவிடும். அறிமுகமில்லாத பாட்டு என்றால் தப்பு சட்டென்று பிடிபடாது.

ஃபோனோ பிரீஆம்ப் (தட்டு ஓட்டியின் ஒலியைப் பெருக்கிச் சமன்செய்யும் கருவி) இல்லாமல் தட்டு ஓட்டியை நேராகக் கணினியில் செருகக் கூடாது. தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, கூர்மையான ஒலிகளை ஏற்றியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சமன்செய்வது பிரீஆம்ப்தான். 24 பிட் தரத்தில் பதிவெடுங்கள், பதிவு மென்பொருளில் ஒலியளவின் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். அளவு மீறிப்போய் உச்சி நறுக்குப்பட்ட ஒலியை முழுசாக மீட்க முடியாது.

லேபிளை நெருங்க நெருங்க ‘ஸ்’ ஒலி கரகரக்கும். உள்வட்டத்தில் ஒரு சுற்றின் நீளம் குறைவு, அதே ஒலி அங்கே நெருக்கியடித்து வெட்டப்பட்டிருக்கும். நீள்வட்ட முனை ஊசி கொஞ்சம் உதவும். ஊசியின் அழுத்தத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கீழே இறக்காதீர்கள், கரகரப்பு கூடத்தான் செய்யும்.

பதில் 1:
பதிவெடுப்பதில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மென்பொருளின் இரைச்சல் நீக்கியைப் பாட்டு முழுக்க ஓட்டினால் டிரம்ஸின் சிம்பல் ஒலி தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிடும். ‘டிக்’ சத்தங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுங்கள்.